குழை கட்டிய கிளைகள்

ஒக்கூருக்கு வடக்கே கண்மாய்க்கரையைத் தாண்டினால் ஒரு பொட்டல். அதன் மேற்கோரத்தில், கிணற்றை ஒட்டி, என் அக்காவின் மாமரங்கள் ஏழு நின்றன. எல்லாம் நாட்டு மரம். பழுத்தாலும் புளிப்பு விடாது. ஊறுகாய்க்கென்று கேட்டு வாங்கிப் போவார்கள். அத்தான் இறந்த பிறகு அக்காவுக்கும் அவருடைய தம்பிக்கும் பாகம் பிரித்தபோது ஊர்ப் பெரியவர்கள் வாய்வார்த்தையாக ஓர் ஏற்பாடு செய்தார்கள். தோப்பு இருக்கும் நிலம் தம்பிக்கு, மரங்கள் அக்காவுக்கு. மரம் காய்க்கிற வரைக்கும் அந்த இடத்தை அவள் வைத்துக்கொள்ளலாம்; காய்ப்பு நின்றுபோனால் மரத்தை வெட்டிவிட்டு இடத்தை அவரிடம் விட்டுவிட வேண்டும். மரம் ஒருவருக்கும் மண் ஒருவருக்குமாக இருப்பது எங்கள் பக்கத்தில் உள்ள வழக்கம்தான். அன்றைக்கு அதில் யாருக்கும் குறை தெரியவில்லை. மரங்கள் நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்தன.

இது அறுபதுகளின் பிற்பகுதி. நான் திருப்பத்தூரில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போய், மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு வீடு, சில வெள்ளாடுகள், இந்த மரங்கள். இவ்வளவுதான் அவள் குடித்தனம்.

புல்லுருவி முதலில் வந்தது பொட்டல் பக்கம் இருந்த இரண்டு மரங்களில். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மாமரத்தின் கிளையில், மாவிலைக்குச் சம்பந்தமில்லாத வேறோர் இலை, தடிப்பாக, சற்று வெளிறிய பச்சையில் கொத்தாகக் கிளம்பும். அதன் வேர் மண்ணைத் தேடி வராது. பட்டைக்குள்ளேயே இறங்கி, மரம் ஏற்றிய நீரைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். ஒட்டிய இடம் முட்டிபோலப் புடைக்கும். அதற்கு அப்பால் உள்ள கிளை மெலிந்து காய்ந்துவிடும். குழல் குழலாகச் செம்மஞ்சள் பூ பூத்து, பங்குனி சித்திரையில் இளஞ்சிவப்பாகப் பழுக்கும். பார்க்க அழகாகவே இருக்கும்.

முதல் வருஷம் அக்கா அதைத் தொல்லையாக நினைக்கவில்லை. பங்குனியில் அந்தப் பொட்டலில் ஒரு புல் பச்சையாக இருக்காது. புல்லுருவித் தழை என்றால் வெள்ளாட்டுக்கு உயிர். அக்கா துறட்டியால் இழுத்து அறுத்து, கொத்துகளைக் குழையாகச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, ஆடு முன்காலைத் தூக்கி எட்டுகிற உயரத்தில் கிளையில் தொங்கவிடுவாள். தரையில் போட்ட குழையை ஆடு ஒரு தடவை மிதித்துவிட்டால் அப்புறம் மோந்துகூடப் பார்க்காது. அதனால் ஆடு வைத்திருக்கிற எல்லாருமே அங்கே குழையைக் கட்டித்தான் தொங்கவிடுவார்கள். நிழல் நன்றாக இருக்கும் இடத்தில் கட்டுவார்கள். புல்லுருவி வந்த இரண்டு மரங்களிலும் நிழல் குறைந்திருந்தது. ஆகவே அக்கா நல்ல மரங்களில் கட்டினாள்.

மறு வருஷம் அந்த மரங்களிலும் வெளிறிய இலை தலைகாட்டியது. அதற்கடுத்த வருஷம் இன்னும் கூடுதல். காய்ப்பு பாதியானது, பிறகு பேருக்குக் காய்த்தது. ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். காற்றில் வருகிறது என்றார் ஒருவர். வேரோடு வேர் தொட்டுப் பரவுகிறது என்றார் இன்னொருவர். நான் விவசாய ஆபீஸில் விசாரித்தேன். கொத்தை மட்டும் அறுத்தால் பட்டைக்குள் இருப்பது மறுபடி துளிர்க்கும், புடைப்புக்குக் கீழே கிளையோடு வெட்டி, வெட்டிய இடத்தில் தார் பூசுங்கள் என்றார்கள். அப்படியே செய்தோம். வெட்டிய இடத்தில் வரவில்லை. வேறு இடத்தில் வந்தது. வெட்டியதை அக்கா வழக்கம்போல ஆட்டுக்குக் கட்டினாள்.

அத்தானின் தம்பிக்குத் திருப்பத்தூர்ச் சந்தைப்பக்கம் மளிகைக் கடை. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். தனக்கு வரவேண்டியதை விடமாட்டார், அவ்வளவுதான். ஒரு பொங்கலுக்கு வந்தவர் தோப்பில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்.

“மதினி, இந்த மரம் ஒங்களுக்குக் காய்க்கல, குருவிக்குல்ல காய்க்குது. ஆனியில மரம் அறுக்குற ஆளுகளைக் கூட்டியாரேன். வெறகு ஒங்களுக்கு, எடம் எனக்கு. பெரியவுக சொன்ன பேச்சு அதான?”

“அதான்” என்றாள் அக்கா.

அவர் போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள். இடம் போனால் ஆடு கட்ட வேறு இடம் இல்லை. ஆடும் இல்லையென்றால் காலையில் எழுந்து நான் எங்கே போவேன் என்றாள். என்னோடு திருப்பத்தூருக்கு வந்துவிடச் சொன்னேன். அவள் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அந்தச் சித்திரையில் ஒரு ஞாயிறு. சாப்பிட்டுவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். காலையில் கட்டிய குழை எதிர்மரத்தில் தொங்கியது. ஆடுகள் எட்டிய மட்டும் தின்றுவிட்டுப் படுத்திருந்தன. மேற்பாதியில் பழங்கள் அப்படியே இருந்தன. கட்டைவிரல் பருமனில் சாம்பல் நிறக் குருவி ஒன்று சிக், சிக் என்று ஓயாமல் கத்திக்கொண்டு வந்து, ஒரு பழத்தைப் பிதுக்கி விழுங்கியது. பிறகு இன்னொன்று. அப்புறம் குழை கட்டியிருந்த கிளைக்கே தாவி, வாலைத் தாழ்த்தி, பின்பக்கத்தைப் பட்டையில் தேய்த்துவிட்டுப் போனது.

எழுந்து போய்ப் பார்த்தேன். பட்டையில் ஒரு விதை கோந்தில் தோய்த்ததுபோல ஒட்டியிருந்தது. எடுக்கப் பார்த்தால் நூல் நூலாக நீண்டு விரலோடு வந்தது, உதறினாலும் போகவில்லை. பக்கத்தில் பழைய விதைகளும் இருந்தன. சிலவற்றில் பச்சை முளை வெளியே வந்து, வளைந்து, பட்டையைத் தொட்டிருந்தது. கயிறு தேய்த்த தழும்பைச் சுற்றித்தான் அதிகம்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். விதையைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு மரமாகப் போய், குழை கட்டும் கிளையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். கடைசியில் கிணற்றின்மேல் சாய்ந்திருந்த மரத்தடியில் நின்றாள். முன்பு ஒரு குட்டி கிணற்றுக்குள் விழுந்து எடுத்ததிலிருந்து அந்த மரத்தில் மட்டும் அவள் குழை கட்டுவதில்லை. அதில் ஒரே ஒரு கொத்துதான் இருந்தது, அதுவும் உச்சியில்.

“தம்பி, இங்குட்டு வா” என்றாள். “ஒவ்வொரு மரத்துக்கும் நானே கொண்டுபோய்க் குடுத்திருக்கேன்டா. கயித்துல கட்டி.”

“ஆட்டுக்குத்தான கட்டுன, அக்கா.”

“குருவிக்கும் சேத்துல்ல பந்தி வச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுக்கப் போனாள்.

நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். புடைப்பு இருந்த கிளை ஒன்றைக்கூட விடாமல் வெட்டித் தார் பூசினோம். முளைவிட்ட விதைகளைக் கத்தி முனையால் சுரண்டினோம். தழையைத் தோப்போரத்து ஆட்டுக்கொட்டிலுக்குள் கொண்டுபோய்ப் போட்டு, ஆடு விட்ட மிச்சத்தையும் பழங்களையும் கொளுத்தினோம்.

வெட்டி முடித்த அன்று வரப்பில் உட்கார்ந்து பொட்டலைப் பார்த்தபோதுதான் அந்த வேம்பு என் கண்ணில் பட்டது. பொட்டலுக்கு நடுவே ஒற்றையாக நின்றது. வேம்பின் இலையைவிடப் புல்லுருவி இலைதான் அதில் அதிகம். எனக்குக் கொடைக்கானல் நினைவு வந்தது. அதற்கு முந்திய வருஷம் ஆபீஸ் நண்பர்களோடு போயிருந்தேன். ஊருக்கு மேலே புல்மேடுகள். பள்ளத்தில் நெருக்கமாக இருந்த சோலை மரங்கள் அநேகமாகச் சுத்தமாக இருந்தன. புல்லுக்கு நடுவே தனித்தனியாக நின்ற, சிவப்புப் பூப் பூக்கும் குட்டை மரங்களில் புல்லுருவி கொத்துக் கொத்தாகத் தொங்கியது. தனியாக நிற்பதால் மரம் பலவீனப்பட்டிருக்கும் என்று அப்போது நினைத்தேன். இப்போது வேறு விதமாகப் புரிந்தது. திறந்த வெளியைக் கடக்கிற குருவிக்கு உட்கார வேறு இடம் கிடையாது. உட்கார்ந்த இடத்தில் விதையை விடும். அது வளர்ந்து பழுத்தால், பிறகு பழத்துக்காகவே வரும். பொட்டல் வேம்பிலிருந்து அடுத்து எட்டுகிற மரங்கள் எவை என்று பார்த்தேன். முதலில் புல்லுருவி வந்த அந்த இரண்டு மாமரங்கள்தான்.

வேம்பு கொழுந்தனாருடையது. அதில் நாம் கைவைக்க முடியாது என்று அக்கா சொன்னாள்.

ஆனி பிறந்ததும் அவர் அறுப்பு ஆள்கள் இருவரோடும் நீள ரம்பத்தோடும் வந்தார். தோப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“என்ன மதினி, பழனிக்கு நேந்துக்கிட்டீகளா? அம்புட்டுப் பேருக்கும் மொட்டை போட்டு வச்சிருக்கீக.”

“முடி மொளைக்கும்ல” என்றாள் அக்கா.

“மாப்ளே, நீங்களும் இதுக்குக் கூட்டா?” என்று என் பக்கம் திரும்பினார். நான் குருவியைப் பற்றியும் விதையைப் பற்றியும் கயிற்றுத் தழும்பைப் பற்றியும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். எல்லாம் சரி, காய்ப்பு எங்கே என்றார். அக்கா ஒரே ஒரு பூப்பருவத்துக்கு அவகாசம் கேட்டாள். தையில் பூக்கவில்லையென்றால் தானே துறட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவதாகச் சொன்னாள். அவர் அறுப்பு ஆள்களைப் பார்த்தார். இவ்வளவு தூரம் கூட்டி வந்துவிட்டேனே, இவர்களுக்கு என்ன சொல்வது என்று இழுத்தார்.

அந்தப் பேச்சுக்காகத்தான் அக்கா காத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

“வந்தவுக சும்மா போக வேணாம். அங்குட்டு நிக்கிற வேம்புல ஏறச் சொல்லுங்க.”

அவர் முகம் மாறியது. வேம்பில் வளர்ந்த புல்லுருவியை நாள் பார்த்து எடுத்துக் கடையில் வைத்தால் வியாபாரம் விருத்தியாகும் என்று அங்கே நம்புவார்கள். அந்த மரத்தில் எடுத்த குச்சி ஒன்று அவருடைய கல்லாப் பெட்டியில் இருந்தது.

“அது ராசியான மரம் மதினி.”

“பொட்டியில இருக்குறது இருக்கட்டும் கொழுந்தனாரே, மரத்துல இருக்குறதை எடுங்க. நாளைக்கு எடம் ஒங்க கைக்கு வந்தாலும் நீங்களும் மரந்தான வைப்பீக? அதுக்கும் இங்கயிருந்துதான வரும்?”

ஆள்களில் ஒருவர் சிரித்துவிட்டார். கொழுந்தனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் வேம்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏறுங்கப்பா” என்றார். சாயங்காலம் வரைக்கும் வெட்டினார்கள். போகும்போது பழமில்லாத குச்சி ஒன்றைப் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டார்.

தை வந்தது. ஆறு மரங்கள் செந்தளிர் விட்டன, பூக்கவில்லை. கிணற்றோரத்து மரம் மட்டும் பூத்தது. அவர் வந்த அன்று அக்கா துறட்டியை எடுத்துவந்து மரத்தில் சாய்த்து வைத்தாள். அவர் துறட்டியைத் தொடவில்லை. அந்த ஒற்றை மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“மரம் காய்க்கிற வரைக்கும்னுதான பெரியவுக சொன்னாக. எத்தனை மரம்னு சொல்லலையே” என்றார். வைகாசியில் ஊறுகாய்க்குக் கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மற்ற மரங்கள் அதற்கடுத்த தையில் பூத்தன.

அக்கா கொட்டிலுக்கு முன்னால் இரண்டு கல்தூண் நட்டு, மேலே ஒரு காய்ந்த கட்டையைக் குறுக்கே போட்டாள். குழையை அதில்தான் கட்டினாள். கண்மாய்க்கரை மரங்களிலிருந்து புல்லுருவி கிடைத்தால் அதையும் கட்டினாள். அதன் பழங்களை முதலில் உருவி எடுத்துவிடுவாள், எப்படியும் ஒன்றிரண்டு தப்பிவிடும். குருவி அதற்கும் வந்தது. தின்றுவிட்டுக் கட்டையில் தேய்த்தது. நான் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கட்டையைப் பார்ப்பேன். விதைகள் அதிலும் முளைவிட்டிருக்கும். பச்சை முனை வளைந்து காய்ந்த கட்டையைத் தொட்டிருக்கும். அடுத்த வாரம் பார்த்தால் கறுத்துச் சுருங்கியிருக்கும். அக்கா கொட்டில் கூட்டும்போது விளக்குமாற்றாலேயே அதைத் தட்டிவிடுவாள்.