அருள்ராஜின் ஈரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரப் பத்தியில் உங்களைச் சிரிக்கவைக்க எனக்குத் தெம்பில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, இங்கே லோத்குண்டாவில் அருள்ராஜ் வீட்டுக்குப் போய்வந்ததிலிருந்து இப்படித்தான். அருள்ராஜ் எங்கள் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். என் சிநேகிதர். தாத்தா காலத்தில் பட்டாளத்தோடு செகந்திராபாத் வந்த குடும்பம். வீட்டில் இன்னும் திருநெல்வேலித் தமிழ்தான். மகள் ஷீபா மட்டும் இந்த ஊர் உருதுவில் பதில் சொல்வாள். "பேரு போட்டே எழுதும்வே" என்று அவரே சொன்னதால்தான் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் அவருக்குக் கண் மஞ்சளாயிற்று. கால் வீங்கிற்று. கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். டாக்டரிடம் போனார். ஈரல் சுருங்க ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டர். உடனே அடுத்த கேள்வி—

"எவ்வளவு குடிப்பீங்க?"

"மாசத்துக்கு ஒருக்க கோயில்ல, திருவிருந்துல... ஒரு சொட்டு ஒயின் சார்."

டாக்டர் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டார். "அதையும் நிறுத்திடுங்க" என்றார்.

அருள்ராஜ் குடிக்கிறவர் இல்லை. வருஷக்கணக்காக ஒரே பஸ்ஸில் போய் வருகிறவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் என்னை யார் கேட்டார்கள்? ஹார்ட் கெட்டால் 'ஐயோ பாவம்' என்கிறோம். ஈரல் கெட்டால்... விசாரணைக் கமிஷன்!

பார்க்க வந்தவர்களெல்லாம் கைநிறையக் கீழாநெல்லி கொண்டுவந்தார்கள். அவர் மனைவி ஜெயமணி போட்டுக் கொடுத்த காபியைக் குடித்தார்கள். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "இனிமேலாவது விட்டுடச் சொல்லுங்கம்மா" என்றார்கள். ஷீபாவுக்குக் கூடிவந்த சம்பந்தம் ஒன்று அப்படியே நின்றுபோயிற்று. 'அப்பா கொஞ்சம் அப்படி இப்படின்னு கேள்விப்பட்டோம்' என்றார்களாம்.

பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். வீட்டாரோடு நானும் துணைக்குப் போனேன். அங்கே ஈரல் நோயில் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும் இளம் டாக்டர் ஒருவர். தெலுங்குக்காரர். மெட்ராஸில் படித்ததால் தமிழ் பேசுவார். சுற்றி வளைக்கவில்லை.

"இதனால உங்களுக்குக் குணமாகும்னு சொல்ல மாட்டேன். குடிக்காதவங்களுக்கு ஏன் இப்படி ஆகுதுன்னு பாத்துட்டிருக்கோம். ரத்தம் வேணும். ஊசி விட்டு, ஈரல்லருந்து நூல் மாதிரி ஒரு துண்டும் எடுக்கணும்."

ஜெயமணி என் பக்கம் திரும்பினார். "குணமாகாதுன்னா எதுக்கு அண்ணாச்சி குத்தணும்? இவுககிட்ட நீங்களாவது சொல்லுங்க."

"நக்கோ டாடி! கைக்கு?" வேண்டாம், எதற்கு என்று ஷீபா அழுதாள்.

அருள்ராஜ் என்னைத்தான் பார்த்தார். "குத்தலேன்னா, நான் போன பொறவும் இவ குடிகாரன் பொண்டாட்டிதாம்வே. இது குடிகாரன் மவ. ஒரு ஊசிதானே... குத்தட்டும்."

குத்தினார்கள். முடிவு வந்தது. குடி இல்லை... வைரஸ். காமாலைக் கிருமி ரத்தத்தில் ஒளிந்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஈரலைத் தின்றிருக்கிறது. எந்தக் காலத்திலோ, சரியாகக் கொதிக்கவைக்காத ஊசியில் வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

அருள்ராஜ் சிரித்தாரே ஒரு சிரிப்பு! ஈரல் போய்க்கொண்டிருக்கிற மனிதர், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி சிரித்தார்.

"அம்மாவுக்கும் பொண்ணுக்கும் டெஸ்ட் எடுக்கணும். வீட்ல இருக்கிறவங்களுக்கும் வரலாம்" என்றார் டாக்டர்.

சிரிப்பு நின்றுவிட்டது. குடி, குடி என்று எல்லோரும் ஒரே பாட்டாகப் பாடியதில், இவர்கள் இருவரையும் பரிசோதிக்க யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

அருள்ராஜ் மறைக்கிற ஆள் இல்லை. பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்: வைரஸ்! அவ்வளவுதான். கீழாநெல்லி நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியிலேயே நின்று குசலம் விசாரித்தார். காபி? "நக்கோ, நக்கோ... இப்பத்தான் குடிச்சேன்." டம்ளரில் தொற்றாது என்று டாக்டர் சொன்னதை நான் பஸ்ஸில் எல்லோருக்கும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். தலையாட்டினார்கள். யாரும் அவர் வீட்டுக்குப் போகவில்லை.

போன ஞாயிறன்று நான் அங்கே இருந்தபோது டாக்டரே வந்தார். திருமுல்கேரியில் அவருக்கு வீடு, போகிற வழி. உள்ளே வந்து உட்காருவதற்குள் சொல்லிவிட்டார்.

"ரெண்டு பேருக்கும் இல்லை. தடுப்பூசி வெளிநாட்டிலருந்து வரணும், நான் ஏற்பாடு பண்றேன்."

"என்கிட்டருந்து யாருக்கும் போகலியா சார்?"

"யாருக்கும் போகலை."

அருள்ராஜ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இத்தனை நாள் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஷீபா போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே கேட்டார். "வெளிநாட்டுல ஈரலையே மாத்துதாகளாமே? பேப்பர்ல பாத்தேன்."

"மாத்தறாங்க. அங்கேயே இன்னும் கஷ்டமான வேலைதான். இங்கேயும் வரும். ஆனா உங்களுக்கு உதவுற மாதிரி வருமான்னு... எனக்குத் தெரியலை."

"வரட்டும் சார். யாருக்காச்சும் உதவட்டும். எங்கிட்ட எடுத்த துண்டை நல்லாப் பாருங்க."

டாக்டர் காபி குடித்தார். இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கி, வாசலில் நின்றே குடித்தார். எதிர்வீட்டு அம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். டாக்டர் கிளம்பியதும் அந்த அம்மாள் என் காதில் விழும்படி சொன்னார்: "டாக்டருங்களுக்கு என்ன, ஊசி போட்டிருப்பாங்க."

ஜெயமணி என்னைக் கேட் வரை கொண்டுவந்து விட்டார். "குடிகாரர்னு பேசுனப்பமாவது நாலு பேர் வந்து போனாக, அண்ணாச்சி."

பஸ் ஏறி வந்துவிட்டேன்.

உங்கள் தெருவிலும் யாருக்காவது ஈரல் சரியில்லாமல் இருக்கலாம். போய்ப் பாருங்கள். காரணம் கேட்காதீர்கள்... காபி கேளுங்கள்.