குழாய்த் தண்ணீரில் நின்ற வேம்பு

குறிஞ்சாக்கேணியிலிருந்து கலீலுர் றஹ்மான் சவூதிக்குப் புறப்பட்டபோது சாரதி வேலை என்றுதான் முகவர் சொல்லியிருந்தார். அங்கே போனதும் கையில் தந்தது தண்ணீர்க் குழாய். பாலைவனத்தின் நடுவே போகும் பெருந்தெருவின் இரு பக்கமும் வேப்பங்கன்றுகளை நட்டிருந்தார்கள். அவற்றைச் சாகாமல் பார்த்துக்கொள்வதே அவருடைய வேலை.

முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் வேம்புக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? காகம் போட்ட கொட்டை வேலியோரம் தானே முளைக்கும். ஆடு கடித்தாலும் திரும்பத் துளிர்க்கும். மனைவி றம்லாவிடம் தொலைபேசியில் சொன்னார்.

"நம்மட வேம்புதான். ஆனா இஞ்ச தண்ணி இல்லெண்டா ரெண்டு நாள்ல கருகிப் போகும்."

"அதுகளும் ஊர விட்டுப் போனதுதானே," என்றாள் றம்லா. "கவனமாப் பாருங்க."

பார்த்தார். மணற்காற்றில் சாய்ந்தவற்றை நிமிர்த்திக் கட்டினார். அடைத்த குழாய்களை ஊதி எடுத்தார். கன்றுகள் அவர் தலைக்கு மேல் வளர்ந்து பூத்தன. மகள் சுஹைரா வளர்ந்ததை மட்டும் அவர் படங்களில்தான் பார்த்தார்.

றம்லாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து விடுமுறை கேட்டார். வேறு ஆள் வரட்டும் என்றார் மேற்பார்வையாளர். ஆள் வரவேயில்லை. ஒரு காலையில் றம்லாவின் அண்ணன் அஷ்ரப் அழைத்தார்.

"மச்சான்... தங்கச்சி மௌத்தாகிட்டா. அசர் தொழுகைக்குப் பிறகு அடக்குறம்."

கலீலுர் றஹ்மான் எழுந்து போய்த் தண்ணீரைப் பூட்டினார். கருகட்டும் என்று நினைத்தார். அடுத்த நாள் மத்தியானம் கடைசி வரிசையில் இளங்கன்றுகளின் இலைகள் சுருண்டு கிடந்தன.

"உங்கள்ல என்ன பிழை?" என்று சொல்லித் திறந்துவிட்டார். இரண்டு கன்றுகள் பிழைக்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து அவர் ஊர் வந்தபோது சுஹைரா பெரிய பிள்ளை. தேநீர் ஊற்றிவந்து, "வாப்பா, சீனி எவ்வளவு போட?" என்று கேட்டாள். விருந்தாளியிடம் கேட்பது போல இருந்தது.

றம்லாவை அடக்கிய மையவாடிக்கு அஷ்ரப் கூட்டிப் போனார். மாரி வெள்ளம் அடையாளக் கட்டைகளை அள்ளிப் போயிருந்தது. அஷ்ரப் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு இரண்டு மேடுகளைக் காட்டினார்.

"இதில ஒண்டுதான் மச்சான். எது எண்டு சரியாச் சொல்ல ஏலாது."

கலீலுர் றஹ்மான் இரண்டுக்கும் நடுவில் நின்று கையேந்தினார். காலடியெல்லாம் யாரும் நடாத வேப்பங்கன்றுகள். பற்றையாகிப் போகிறது என்று அஷ்ரப் குனிந்து ஒன்றைப் பிடுங்கப் போனார்.

"விடுங்க மச்சான்," என்றார் கலீலுர் றஹ்மான். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

இப்போது அவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். காலையில் சுஹைராவைப் பாடசாலையில் விடுவார். வழியில் கதை குறைவு. போன கிழமை அவளாகவே சொன்னாள்.

"உம்மா கடைசியில உங்களத்தான் கேட்டா, வாப்பா. வந்துட்டு இரிக்கிறார் எண்டு நான் பொய் சொன்னனான்."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. பாடசாலை மணி தூரத்தில் அடித்தது. சுஹைரா இறங்கவுமில்லை, போவோம் என்று சொல்லவுமில்லை.