புது மரத்தூள்

ஹில்க்கா ஓடும்போது விழவில்லை. இருபது வருடமாகக் காட்டிலும் மேட்டிலும் ஓடிய கால் அது. மார்ச் மாதத்தில் ஒருநாள், வீட்டோடு இருக்கும் நீராவிக் குளியலறையான சவுனாவின் அடுப்புச் சாம்பல் வாளியைக் கொட்டப் போனவள், வாசலில் உறைந்திருந்த பனிக்கட்டியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். ஊரே சிரித்தது. ஆம்புலன்சில் படுத்துக்கொண்டு அவளும் சிரித்தாள். "ஒரு நல்ல பாறையில இடறி விழுந்திருந்தா வெளிய சொல்லிக்கவாவது மரியாதையா இருந்திருக்கும்" என்றாள்.

ஐலா மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் ஹில்க்காவோடு வேலை செய்பவள், பல வருடத் தோழி. ஏரியைச் சுற்றியுள்ள ஊர்கள் செப்டம்பர் கடைசியில் ஒரு தொடர் ஓட்டம் நடத்தும். அதில் எங்கள் ஊருக்குக் கடைசிச் சுற்று ஹில்க்காவுடையது, அதற்கு முந்தின சுற்று ஐலாவுடையது. ஐலா வந்து குச்சியை நீட்டுவாள், ஹில்க்கா அதை வாங்கிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு ஓடுவாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்து ஐலா சொன்னாள்: "நீ ஓடற வரைக்கும் நானும் ஓடமாட்டேன்டி. ரெண்டு பேரும் அரிச்சுவடியில இருந்து சேர்ந்தே ஆரம்பிப்போம். கடைசிச் சுற்று உன்னோடது. வேற எவ காலும் அதுல படாது."

பின்லாந்துக்காரர்கள் வாயைத் திறப்பதே அபூர்வம். திறந்து ஒன்றைச் சொல்லிவிட்டால் அது பத்திரம் பதிந்த மாதிரி. ஹில்க்கா அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

ஜூலையில் பிசியோ அவள் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓடலாம் என்றார். பள்ளிக்குப் பின்னால் மரத்தூள் கொட்டிய ஓட்டப்பாதை இருக்கிறது, வழி நெடுக விளக்குக் கம்பங்கள். ஒரு கம்பம் ஓடு, இரண்டு கம்பம் நட, வலித்தால் நிறுத்து என்றார். முதன்முதலாக ஓட வருபவர்களுக்குச் சொல்லும் பாடம். ஹில்க்காவுக்கு வெட்கமாகவும் இருந்தது, குதிக்கலாம் போலவும் இருந்தது. மெதுவாக ஓடி முடித்தால்கூடப் போதும், தோற்றாலும் பரவாயில்லை, கடைசிச் சுற்று அவளுக்குத்தான் என்று ஓட்டச் சங்கத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

ஐலாதான் தடுத்தாள். "பதறாத காரியம் சிதறாது. இன்னும் ரெண்டு வாரம் நடப்போம். மரத்தூள் மெத்துமெத்துன்னு இருக்கும், கால் பிசகிடும். ஏரிக்கரை ரோட்டுலயே போவோம்."

இரண்டு வாரம் நாலானது, நாலு ஆறானது. ஒவ்வொரு நடை முடிந்ததும் ஐலா குனிந்து, தோழியின் கணுக்காலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "இன்னும் வீக்கம் இருக்கே" என்று தலையை ஆட்டுவாள்.

"பெத்தவகூட என்னை இப்படிப் பாத்துக்கிட்டதில்ல" என்று ஹில்க்கா தன் கணவனிடம் நெகிழ்ந்து சொன்னாள்.

கலெர்வோ மரம் அறுக்கும் ஆலையில் டிராக்டர் ஓட்டுபவன். "பிசியோவுக்குப் படிச்சது அந்த ஆளா, ஐலாவா?" என்று கேட்டான். ஹில்க்காவுக்குக் கோபம் வந்து அன்று அவனோடு பேசவில்லை.

செப்டம்பர் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை, கலெர்வோ ஓட்டப்பாதைக்குப் புது மரத்தூள் கொட்டினான். பழையது மிதிபட்டு நனைந்து கறுத்துக் கிடக்கும். புதியது வெண்ணெய் நிறம், பைன் பிசின் வாசனை. அன்றிரவு அவன் கால்சட்டை மடிப்பெல்லாம் அதுதான். ஹில்க்கா திட்டிக்கொண்டே உதறினாள்.

சனிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல ஐலா சவுனாவுக்கு வந்தாள். உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நீராவி அறைக்குள் முதலில் போய்விட்டாள். அவள் காலுறைகள் பெஞ்சிலிருந்து தரையில் விழுந்து கிடந்தன. ஆணியில் மாட்டலாம் என்று ஹில்க்கா எடுத்தாள். உள்ளங்கையில் பொலபொலவென்று கொட்டியது. வெண்ணெய் நிறம். முகர்ந்து பார்க்கத் தேவையில்லை, இருந்தும் முகர்ந்து பார்த்தாள்.

உள்ளே போய் ஐலாவுக்குப் பக்கத்தில் மேல் பலகையில் உட்கார்ந்தாள். சவுனாவில் பொய் சொல்லக் கூடாதென்று சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் ஒட்டுத்துணி இல்லாமல் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்லத் தனிச் சாமர்த்தியம் வேண்டும்.

"எப்ப இருந்து ஓடற?"

ஐலா அகப்பையில் தண்ணீரை மொண்டு சூடான கற்கள்மேல் ஊற்றினாள்.

"மே மாசத்துல இருந்து."

"மே மாசம் என் கால் மாவுக்கட்டுல இருந்துச்சு."

"ஆமா."

"கடைசிச் சுற்று?"

"நேத்துப் பேர் குடுத்துட்டேன். உன்னால இந்த வருஷம் முடியாதுன்னு சங்கத்துல சொல்லிட்டேன்."

"முடியாம யாருடி பாத்துக்கிட்டது?" என்றாள் ஹில்க்கா. "வீக்கம் வீக்கம்னு அமுக்கி அமுக்கிப் பாத்தியே, நெசமாவே வீக்கம் இருந்துச்சா?"

"முதல்ல இருந்துச்சு."

இதற்குப் பெயர்தான் கூட இருந்தே குழி பறிப்பது. ஒரு கோடைக்காலம் முழுக்க, குனிந்து, கட்டைவிரலால் பறித்த குழி.

ஐலா தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "இத்தன வருஷமா குச்சிய உன் கையில குடுத்தேன். நான் மூச்சு வாங்கி எல்லைக்கோட்டுக்கு வர்றதுக்குள்ள போட்டோவெல்லாம் எடுத்து முடிச்சிருப்பாங்க. ஒரு தடவை அந்தக் கோட்டை நான் தாண்டணும்னு நெனச்சேன். அவ்ளோதான்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"அதனாலதான் கேக்கல. நீ குடுத்து நான் ஓடுனா, அதுவும் உன் பேருதான்."

ஹில்க்கா எழுந்து வெளியே வந்தாள். ஈர உடம்போடு உடுப்பை மாட்டிக்கொண்டு, மார்ச்சிலிருந்து சும்மா கிடந்த ஓட்டக் காலணியை எடுத்துக் கட்டினாள். முற்றத்தில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்த கலெர்வோ அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இடுக்கியோடு அப்படியே நின்றான். பள்ளிக்கூடம் வேலிக்கு அந்தப் பக்கம்தான்.

முதல் கம்பம்வரை ஓடினாள். கால்கள் யாரிடமோ இரவல் வாங்கியவை போலிருந்தன, நெஞ்சு அடைத்தது. அழுகையால் அடைத்ததா ஓட்டத்தால் அடைத்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. அங்கே நடைக்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. இரண்டாவது கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் கணுக்காலில் சுருக்கென்று குத்தியது.

"மெதுவாடி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு ஐலா வேலியோரம் நின்றாள். "கால் போயிடும். நில்லு."

கோடை முழுக்க அந்தக் குரல் சொன்னபோதெல்லாம் ஹில்க்கா நின்றிருக்கிறாள். இப்போது வலி மெய்யாகவே இருந்தது, நிற்பதுதான் புத்தி. ஆனால் நிற்கச் சொன்னது தோழியா, நேற்றுப் பெயர் கொடுத்தவளா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. காலுறைக்குள் புது மரத்தூள் நிறைய, மூன்றாவது கம்பம்வரை வலியோடு ஓடினாள்.