மாதா வெளிச்சம் போதும் என்றிருந்தேன்

தொண்ணூறுகளின் கடைசியில் நாகல் நகரில் ஒரு பழைய கார் வாங்கினேன். ஒருநாள் அதன் டாஷ்போர்டு விளக்குகள் அணைந்துபோயின. அங்கே ஒட்டியிருந்த மாதா சொரூபத்தின் நீல பல்பு மட்டும் எரிந்தது. அதற்கு பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்திருந்தோம்.

"மாதா வெளிச்சத்துலயே மீட்டர் தெரியுதுல்ல, பெறகு பாத்துக்கிரலாம்" என்று மனைவியிடம் சொன்னேன், புத்திகெட்டு.

அந்த வாரமே எரியோட்டில் ஒரு விசேஷம் முடிந்து அந்தி சாயும் நேரத்தில் திரும்பினோம். என் மச்சினன் மொபெட்டில் பின்னால் வந்தான். அவனைக் காணோமே என்று காரை ஓரங்கட்டி, லைட்டை அணைக்காமல் காத்திருந்தேன். பின்னால் டமாரென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பம்பருக்கடியில் அவன் கால்.

"எதுத்தாப்ல வந்த லாரி வெளிச்சத்துல வண்டி நிக்கிறதே தெரியல மாமா" என்று முனகினான்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். டாஷ்போர்டு விளக்குக்கும் பின்விளக்குக்கும் ஒரே பியூஸ், அது போனதில் இரண்டுமே அணைந்திருக்கின்றன என்று பிறகுதான் மெக்கானிக் சொன்னார்.

இப்போதெல்லாம் லைட்டைப் போட்டு, பின்னால் போய்ப் பார்க்காமல் நான் காரை எடுப்பதில்லை. மச்சினன் வீட்டுக்கு வந்திருந்தால் மட்டும் என்னை இறங்க விடமாட்டான். கக்கத்தில் கட்டையை ஊன்றிப் பின்னால் போய் நின்று, "ரெண்டும் எரியுது மாமா, போங்க" என்பான்.