கண்ணாடியை விலக்கிப் பார்த்துவிட்டேன்

போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். போன் வெளிச்சமே கண்ணைக் குத்துகிறது.

இன்று பள்ளி விட்டதும் அம்பாசமுத்திரத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்குத் தனியாகப் போனேன். பிளஸ் டூ முடிந்ததும் எனக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறார்கள். கல்யாணம் முடிவாவதற்குள் ஒரு வேலை கற்று, என் பெயரில் கொஞ்சம் பணம் சேர்த்துவிட வேண்டும்.

"அண்ணாச்சி, நான் வேலை கத்துக்கிட வரலாமா?"

பட்டறைக்காரர் சிரித்தார். "ஏட்டி, இது கோலம் போடுத வேலைன்னு நெனச்சியா? அங்கன நின்னு பாரு. கண்ணாடி இல்லாம பாக்காத."

அவர் கொடுத்த கறுப்புக் கண்ணாடி வழியே எல்லாம் இருட்டாக இருந்தது. இரும்பு உருகி ஒட்டுவதைப் பார்க்கும் ஆசையில் அதை விலக்கிவிட்டேன். அப்போது வலிக்கவே இல்லை.

கிளம்பும்போது, "மே மாசம் வா, சம்பளமும் தாரேன்" என்றார்.

இப்போது கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிகிறது.

"கண்ணு ஏன்ட்டி செவந்திருக்கு? அழுதியா?" என்று அம்மா கேட்டாள்.

"கணக்குல மார்க்கு கொறஞ்சு போச்சும்மா."

"போனா போவுது. கட்டிக்கிடப் போறவன் மார்க்கா கேக்கப் போறான்?"

உண்மையைச் சொன்னால் பட்டறைப் பக்கமே விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் கண் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.

வெல்டிங் செய்கிற அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள், காலைக்குள் சரியாகிவிடுமா? சீக்கிரம் பதில் போடுங்கள். கண்ணைத் திறக்க முடிகிற வரைக்கும்தான் படிப்பேன்.