கேஜில் வைத்த சந்தனம்

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள் நான். நீராவி அழுத்தம், அதை அளக்கிற கருவி எல்லாவற்றையும் கரும்பலகையில் படம் போட்டு, தப்பாக வரைந்தவன் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தவள். ஆகவே இதைப் படிக்கிறவர்கள் எனக்காகப் பரிதாபப்பட வேண்டாம். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது.

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற சாலையில் ஒரு மர அறுவை மில் இருக்கிறது. அதன் பின்பக்கத் தகரக் கொட்டகையில் பல வருடமாக ஒரு படகு கிடந்தது. தென்காசியில் ஏது படகு என்று சிரிப்பீர்கள், நானும் சிரித்தவள்தான். கொல்லத்துக் காயலில் கொப்பரையும் கயிறும் ஏற்றித் திரிந்த சின்ன நீராவிச் சரக்குப் படகு அது. மில்காரரின் அப்பா பலகைக்காக அதை வாங்கி, லாரியில் ஏற்றிக் கணவாய் வழியாகக் கொண்டுவந்திருக்கிறார். வந்த பிறகு உடைக்க மனம் வரவில்லையாம். அவர் மகனை நாங்கள் மில் அண்ணாச்சி என்போம். படகைப் பழையபடி ஆக்கி, ஐந்தருவிப் பக்கத்துப் படகுக் குளத்தில் ஒரு சீசனுக்காவது ஓடவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் சும்மாவே வந்து துரு சுரண்டினோம். வீட்டில் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு அது தேவலை என்று நானும் போனேன்.

எங்களில் உருப்படியாக வேலை தெரிந்தவர் ஒருவர்தான். கடையநல்லூர்க்காரர், ஃபிட்டர். வளைகுடாவில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். எல்லோருக்கும் அவர் பாய். அதிகம் பேச மாட்டார். நாங்கள் அரட்டை அடித்தால், "பேசிக்கிட்டே ஸ்பேனரப் புடிக்காதீங்க டீச்சர், வெரலு போயிரும்" என்பார். ஒரே ஒரு பெருமைதான் அவருக்கு உண்டு. "இத்தன வருசத்துல என் வேலையால ஒரு ஆளுக்கும் ஒரு காயம் கிடையாது." இதை மாதம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். நான்கூடக் கேலி செய்திருக்கிறேன்.

கொதிகலனைக் கழுவி, குழாய்களை மாற்றி, குளிர்ந்த தண்ணீர் அழுத்திச் சோதித்து முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. ஆயுத பூசை வந்தது. அண்ணாச்சி பித்தளைச் சாமான் எல்லாவற்றையும் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, பலகையில் பரப்பிவிட்டார். ஸ்பேனர், சுத்தியல், வால்வு, விசில், அழுத்தம் காட்டும் கேஜ். சந்தனம் குங்குமம் வைக்கிற வேலை என்னுடையது. ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்ற வெறியோடு வைத்துக்கொண்டே போனேன். கேஜ்தான் கடைசி. முகக் கண்ணாடியில் வைத்தால் எண் மறைந்துவிடுமே! டீச்சர் மூளை வேலை செய்தது. அடியில், கொதிகலனோடு பொருந்துகிற பித்தளை முனையில் வைத்தேன். கிண்ணத்தில் மிச்சமிருந்த கெட்டிச் சந்தனத்தையெல்லாம் மோதிர விரலால் வழித்து, அந்த முனையிலேயே அப்பினேன். நீராவி ஏறுகிற ஓட்டை அந்த முனையில்தான் இருக்கிறது. அதைத்தானே நான் வருடா வருடம் படம் போட்டேன்!

பாய் பூசைக்கு வந்திருந்தார். கொஞ்சம் தள்ளி நின்று, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் வந்து ஒவ்வொன்றாகப் பூட்டினார். பூசை போட்ட சாமான்களில் சந்தனத்தை யாரும் துடைப்பதில்லை. தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவது வழக்கம்.

அடுத்த ஞாயிறு காலை முதல் தீ. படகை ஓட்டிப் பார்ப்பதற்கு அல்ல. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க மட்டும். மர வெட்டுக் கழிவைப் போட்டு எரித்தோம். முந்தின நாள் மழையில் விறகு நனைந்திருந்ததால் புகைதான் அதிகம். இரண்டு மணி நேரம் ஆகியும் கேஜ் முள் அசையவில்லை. கொதிகலனின் அடியில் சேறு கழுவும் ஓட்டைக்கு ஒரு மூடி உண்டு. அதன் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது. பாய் குனிந்து பார்த்தார்.

"மூடிக்கு அடியில வச்ச பொதி சரியா உக்காரல. டீச்சர், முள்ளு எங்க நிக்குது?"

நான் கேஜுக்கு நேர் எதிரே நின்றிருந்தேன். "முட்டையிலதான் நிக்குது பாய், பூஜ்யம்."

"அப்ப இன்னும் ஆவி கட்டல. லேசா லூசாக்கிச் சரிபண்ணிருதேன்."

ஸ்பேனரை வைத்து இரண்டு திருகு திருகினார். ஐயோ, அந்தச் சத்தம்! வெள்ளையாகக் கொதிநீரும் ஆவியும் அவர் முகத்திலும் கையிலும் அடித்தது. அவர் கத்தக்கூட இல்லை. மண்டியிட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, "எல்லாரும் தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தது. இரண்டு கண்ணும் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு, "முள்ளப் பாக்காமயா தொறந்தாரு?" என்றார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நடுக்கம் என்று சொல்லலாம். பயம் என்பதுதான் உண்மை. அன்று சாயங்காலத்துக்குள் குரூப்பில் முடிவு கட்டிவிட்டார்கள். ஆவி இருக்கும்போது மூடியைத் திறக்கிறவன் ஃபிட்டரா, வெளிநாட்டில் என்னத்தைக் கிழித்தாரோ என்று ஒருத்தன் எழுதினான். அதற்கு நாலு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். துரு சுரண்டத் தெரியாத பயல்கள்!

பத்து நாள் கழித்து நான் தனியாகக் கொட்டகைக்குப் போய் கேஜைக் கழற்றினேன். ஓட்டைக்குள் மஞ்சளாக, கல்லாக இறுகிப்போய் இருந்தது. உள்ளே கட்டிய ஆவி முள்ளை எட்டவே இல்லை. கேஜைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்ப இரண்டு மாதம் ஆனது. அது வரைக்கும் அது என் அலமாரியில் இருந்தது.

கடையநல்லூரில் அவர் வீட்டு முன்னறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்கத் தோல் உரிந்து புதிதாகச் சிவந்திருந்தது. அவர் மனைவி எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவரே கேட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். நான் அன்னைக்கு முள்ளு எங்க நிக்குதுன்னு கேட்டனா இல்லியா? படுத்தா இதே நெனப்பாத்தான் இருக்கு. கேட்ட மாதிரியும் இருக்கு, கேக்காத மாதிரியும் இருக்கு. எல்லாரும் நான் பாக்காமத் தொறந்தேங்காங்க."

"கேட்டீங்க பாய். முட்டையில நிக்குதுன்னு நான்தான் சொன்னேன். தப்பு என்னோடது" என்று கேஜை அவர் கையில் வைத்தேன். அவர் வெந்து சுருங்கிய விரலால் தடவித் தடவி முனைக்கு வந்தார். ஓட்டையை நகத்தால் சுரண்டி, மூக்கருகே கொண்டுபோனார்.

"பூட்டுதப்பவே பாத்தேன் டீச்சர். பூசை போட்ட சந்தனம். நான் அதத் தொடைச்சா நல்லாருக்குமான்னு விட்டுட்டேன். சூட்டுல எளகிரும்னு நெனச்சேன்."

"நாளைக்கே எல்லாருகிட்டயும் சொல்லிருதேன்" என்றேன்.

"வேண்டாம்." குரல் சட்டென்று உயர்ந்தது. "சொன்னா, பேச்சு பாய்லரப் பத்தி இருக்காது. பூசைனால பாய் கண்ணு போச்சும்பான் ஒருத்தன். சாமி சந்தனத்தக் குத்தம் சொல்லுதானும்பான் இன்னொருத்தன். போன்ல போட்டு ஊரு பூரா பரப்புவானுவ. எங்க தெருவுல சின்னப் பிள்ளைக இருக்கு டீச்சர். நான் கேட்டேன்னு எனக்குத் தெரிஞ்சிட்டு. அது போதும்."

"உங்க பேரு என்ன ஆவுதது பாய்?"

அவர் கேஜைத் துழாவி என் மடியில் வைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில், அவர் சொல்லை மதிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பொய். அவர் வேண்டாம் என்று சொன்ன நிமிடம் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் குமட்டுகிறது.

படகைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து மில்லில் மறுபடி ஆயுத பூசை. ரம்பங்களைக் கழுவிப் பலகையில் பரப்பியிருந்தார்கள். அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து, பத்துப் பேர் பார்க்க என்னிடம் நீட்டினார்.

"போன வருசம் மாதிரி நீங்களே வைங்க டீச்சரம்மா. பூசையில நாம ஒரு கொறையும் வைக்கல. அவரு கவனமில்லாமச் செஞ்சதுக்கு நாம என்ன செய்ய முடியும்?"

நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் வைத்தேன்.