காது ஒருத்தர், கணக்கு ஒருத்தர்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு பொய் சொன்னேன். வாயால் அல்ல. ஒற்றை விரலால் டைப் அடித்து, அமெரிக்கா வரைக்கும் அனுப்பிவைத்தேன்.

அதுவும் என் பெயரில் இல்லை. நண்பர் கனகராஜின் பெயரில்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். மில் ஸ்டோர்ஸில் குமாஸ்தா. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றது. நாலு பேர் கூடிய இடத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும் ஆசாமி. கண்டக்டரிடம் 'பீளமேடு ஒண்ணு' என்று கேட்பதற்கே மனசுக்குள் இரண்டு தடவை ஒத்திகை பார்ப்பேன். அப்படிப்பட்டவனுக்கு இன்டர்நெட்டில் என்ன வேலை? சொல்கிறேன்.

கனகராஜ் எங்கள் மில்லில் ரிங் ஃப்ரேம் ஓட்டியவர். நூல் நூற்கிற மெஷின். ஒரே ஹாலில் ஐம்பது மெஷின் சேர்ந்து ஓடினால் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சத்தத்துக்குள் இருபத்தெட்டு வருஷம் நின்றார். ரிட்டயர் ஆனபோது மாலை போட்டார்கள், பாராட்டிப் பேசினார்கள். பேசியது எதுவும் அவர் காதில் விழவில்லை.

வலது காதுப் பக்கம் போய்க் கத்தினால் ஒன்றிரண்டு வார்த்தை புரியும். பாட்டு மட்டும் புரியவே புரியாது. "ரேடியோவைத் திருப்பினா தகரத்து மேல மழை பெய்யற மாதிரி இருக்குதுங்க" என்பார்.

இத்தனைக்கும் மனுஷர் சின்ன வயதில் நாலு வருஷம் முறையாக வயலின் கற்றவர். எந்த ராகத்துக்கு எந்த ஸ்வரம் என்பது இன்றைக்கும் மனப்பாடம். கடைசியாக ஒரு கச்சேரியை முழுசாகக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று ஒருமுறை கேட்டேன். மிச்ச டீயைக் குடித்து முடித்தார்.

கேட்டேன் என்றால்... எழுதிக் கேட்டேன். எங்கள் சிநேகமே அப்படித்தான். மெஷினுக்குப் பெல்ட் வாங்க அவர் ஸ்டோர்ஸுக்கு வருவார். அவருக்குக் காது கேட்காது; எனக்குப் பேச வராது. ஒரு நாள் பழைய சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் அவரிடம் கத்துவார்கள். 'டமாரம்' என்று பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள். நான் எழுதுவேன், அவர் பேசுவார்.

போன வருஷம் பீளமேட்டில் காலேஜுக்கு எதிரே ஸ்டெல்லா என்பவர் பிரௌசிங் சென்டர் திறந்தார். முப்பது வயதுக்காரர், பேச்சில் கெட்டிக்காரி. கனகராஜின் சங்கீதப் பைத்தியத்தைக் கேள்விப்பட்டு, "கர்நாடக சங்கீதத்துல புதிர் போடற கூட்டம் ஒண்ணு இருக்குதுங்கண்ணா. உங்களைச் சேத்து உடட்டுங்களா?" என்று கேட்டார். நான் எழுதிக் காட்ட, கனகராஜ் தலையாட்டினார்; சேர்த்துவிட்டார்.

மெயிலில் பேசிக்கொள்கிறவர்கள், இருபது பேர் இருக்கும். நடத்துகிறவர் சுந்தர் — எங்கள் ஊர்க் காலேஜில் படித்துவிட்டு அமெரிக்காவில் இருக்கிற இன்ஜினியர். பொள்ளாச்சியிலிருந்து ஒரு டாக்டரம்மா. மற்றவர்கள் எங்கெங்கோ. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து, வாரம் ஒரு புதிர். விதி இரண்டே இரண்டு. யாரிடமும் கேட்கக் கூடாது — ஒரு விடைக்கு ஒரு ஆள். முதலில் சரியாகச் சொல்கிறவர் அடுத்த புதிரைப் போட வேண்டும்.

ஞாயிறு தவறாமல் இரண்டு பேரும் போய்விடுவோம். அவருக்கு டைப்பிங் வராது. எனக்கு ஒரு விரல் வரும். அவர் சொல்ல, நான் அடிப்பேன். பாஸ்வேர்டு என் சட்டைப்பையில். பக்கத்துத் தடுப்பில் காலேஜ் பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். "ஊரே இங்க சாட்டிங் பண்ணுது. நீங்க ரெண்டு பேரு மட்டுந்தானுங்க சரிகமபதநி பண்றீங்க" என்பார் ஸ்டெல்லா.

புதிர் எப்படி இருக்கும்? ஒன்று சொல்கிறேன். 'மோகனத்தில் க-வை ஸ ஆக்கினால் என்ன ராகம்?' எனக்குத் தலை சுற்றியது. கனகராஜ் சீட்டில் ஐந்து கோடு போட்டார்.

"மோகனம்ங்கறது அஞ்சு பேரு இருக்கற ஊடுங்க. மூத்தவனைத் தள்ளிப்போட்டு மூணாவது ஆளு கைல சாவியைக் குடுத்தா, அதே அஞ்சு பேருதான், ஊடு வேற ஊடாயிருது. இந்தோளம். அடிங்க."

அடித்தேன். சரியான விடை. முதல் விடை.

எத்தனை வாரம் அப்படி ஜெயித்தார் தெரியுமா? கூட்டத்தில் எல்லோரும் அவரை 'கனகு சார்' என்றார்கள். சந்தேகம் வந்தால் அவரைக் கேட்டார்கள். இன்டர்நெட்டில் ஆளுக்கு முகம் இல்லை, குரல் இல்லை என்று பேப்பரில் குறை சொல்லி எழுதுகிறார்களே... சிலருக்கு அதுதானே பெரிய நிம்மதி? ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவரே சொன்னார்:

"அங்க நான் செவிடன் இல்லீங்க."

இப்போது அந்தப் பொய்க்கு வருகிறேன். அந்த ஞாயிறு கனகராஜ் குடும்பத்தோடு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். புதிரை எழுதிக்கொண்டு வந்து தருகிறேன் என்று நான் மட்டும் சென்டருக்குப் போனேன். சுந்தரின் மெயில் காத்திருந்தது. 'எழுத்துப் புதிர் போதும். சங்கீதம் என்றால் கேட்க வேண்டாமா? அடுத்த வாரம் புதிர் போடுவது என் முறை; இருபது செகண்ட் இசையை அனுப்புகிறேன். கேட்டுச் சொல்லுங்கள்.'

மெயிலை இன்னொரு தடவை படித்தேன். கனகராஜ் இங்கே உட்கார்ந்து, ஸ்பீக்கரில் வருகிற தகரத்து மழையைக் கேட்டுக்கொண்டிருப்பாரா? இல்லை, 'எனக்குக் காது கேட்காது' என்று இருபது பேருக்கும் எழுதுவாரா?

யோசிக்காமல் அடித்தேன். 'இங்கே ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. தயவுசெய்து எழுத்திலேயே அனுப்பவும் — கனகு.'

ஸ்டெல்லா எட்டிப் பார்த்தார். "ஏனுங்கண்ணா, என்ற ஸ்பீக்கருக்கு என்னங்க கேடு?"

காசை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தேன். கனகராஜிடமும் சொல்லவில்லை. 'இந்த வாரம் புதிர் இல்லை' என்று ஒரு சீட்டை நீட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பொய்க்கு ஆயுசு ஒரு வாரம். அடுத்த ஞாயிறு மெயிலைத் திறந்ததும் எல்லாம் வெளியே வந்தது. சுந்தர் எழுதியிருந்தார்: 'கனகு சாருக்கு முடியாது என்றால் யாருக்கும் வேண்டாம். இசை அனுப்பும் யோசனையைக் கைவிடுகிறேன்.' அதற்குக் கீழே பொள்ளாச்சி டாக்டரம்மா: 'ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரி என்றே ஓடுகிறேன். இருபது செகண்டாவது பாட்டுக் கேட்கலாம் என்று வாரம் முழுக்கக் காத்திருந்தேன். பரவாயில்லை.'

கனகராஜ் இரண்டு தடவை படித்தார். தன் பெயரில் போன மெயிலையும் படித்தார். என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

"எனக்குக் கேக்காதுன்னு ஊருக்கே பாட்டை நிறுத்தச் சொல்லிப்போட்டீங்களா?"

கத்தவில்லை. காது கேட்காதவர்கள் பொதுவாகச் சத்தமாகப் பேசுவார்கள். அன்றைக்கு அவர் குரல் இறங்கியிருந்தது. அதுதான் என்னை அடித்தது.

சீட்டை எடுத்து எழுதினேன். 'உங்களை விட்டுவிடுவார்கள் என்று பயந்தேன்.'

"உட்டா உடட்டும்ங்க. நான் கேக்காம இருந்து பழகினவன். அந்தம்மா எதுக்குங்க கேக்காம இருக்கோணும்?"

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

அவரே சொல்லச் சொல்ல அடித்தேன். 'ஸ்பீக்கர் சரியாகிவிட்டது. இசையை அனுப்புங்கள்.' சுந்தர் ஏற்கெனவே தயாராக வைத்திருந்தார் போலிருக்கிறது. பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. இருபது செகண்ட் இசை எங்கள் கம்ப்யூட்டரில் இறங்கக் கால் மணி நேரம். கேள்வியும் கூடவே: 'இது என்ன ராகம்? இதில் ம-வை ஸ ஆக்கினால் என்ன ராகம்?'

ஓட விட்டேன். நாதஸ்வரம்.

வாசகர்களே, எனக்கு ராகத்தின் பெயர் தெரியாது. ஆனால் என் வீட்டுச் சுவரை ஒட்டிக் கல்யாண மண்டபம். பிறந்ததிலிருந்து ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மேளம் கேட்டு வளர்ந்த காது. எந்த வாசிப்பு வந்தால் ஊஞ்சல், எது வந்தால் பந்தி முடிந்தது என்று எட்டிப் பார்க்காமல் சொல்லிவிடுவேன். பயந்துகொண்டே எழுதினேன்: 'எல்லாம் முடிந்து, பெண்ணை அனுப்பிவைத்தபின், மேளக்காரர் நாதஸ்வரத்தை உறையில் போடுவதற்கு முன்னால் வாசிப்பது.'

கனகராஜ் சீட்டைப் பார்த்தார். கண் பெரிதானது.

"மங்களமா முடிக்கறது... மத்தியமாவதியா இருக்கோணும். ஆனா ஸ்ரீராகமும் அப்படியே அச்சா ஏறும்ங்க. எறங்கையிலதான் கொஞ்சூண்டு வித்தியாசம். மறுக்காக் கேளுங்க. எறங்கையில, கடைசிப் படிக்கு முன்னால, ஒருத்தன் நடுவுல தலையை நீட்டிப்போட்டு உள்ளார போறானுங்களா?"

கேட்டேன். இறங்குகிற இடம் ஒரே ஒரு தடவைதான் வந்தது. மறுபடி கேட்டேன். காலேஜ் பிள்ளைகள் அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் சும்மா இருங்க கண்ணு, இங்க பரீச்சை நடக்குது" என்று ஸ்டெல்லா அதட்டினார். ஆறாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். யாரும் தலையை நீட்டவில்லை. சீட்டில் படிக்கட்டு மாதிரி ஒரு கோடு வரைந்தேன். நேராக இறங்கியது.

"மத்தியமாவதி" என்றார். பென்சிலை வாங்கி ஐந்து கோடு போட்டார். சாவியை ம-வின் கையில் கொடுத்தார். "சுத்த சாவேரி. அடிங்க."

அடித்தேன். அனுப்பப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"இன்னும் முடியலீங்க. அடிங்க: நான் இருபத்தெட்டு வருசம் ஸ்பின்னிங் மில்லுல நின்னவன். எனக்குக் காது கேக்காது. ஸ்பீக்கர் ரிப்பேருன்னு எழுதினது பொய். இந்த விடையில காது ஒருத்தரோடது, கணக்கு என்னோடது. ஒரு விடைக்கு ஒரு ஆளுங்கற விதிப்படி இது செல்லாது. கனகராஜ்."

அடித்து முடித்தபோதுதான் கவனித்தேன். பொய் யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. தன் பெயரிலேயே வைத்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் அவர் சம்பாதித்த மரியாதை முழுவதையும் மேஜைமேல் வைத்துவிட்டு, என் பொய்யையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். இப்படி ஒரு மனுஷனுக்குத்தான் ஊரில் டமாரம் என்று பெயர்.

எனக்குத் தொண்டை அடைத்தது. நல்லவேளை, டைப் அடிக்கத் தொண்டை வேண்டாம். அவரைக் கேட்காமல் கீழே ஒரு வரி சேர்த்தேன். 'பொய் எழுதியது கனகு சார் இல்லை. நான். காதும் நான்தான்.' என் பெயரையும் போட்டேன். அத்தனை பேர் முன்னால் நான் வாயைத் திறந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

போன ஞாயிறு பதில் வந்தது. பிரௌசிங் சென்டர் படியில் கால் வைக்கவே எனக்கு யோசனை. கனகராஜ்தான், "வாங்க, தலையா போயிரும்?" என்று இழுத்துப் போனார்.

டாக்டரம்மாவின் மெயில் முதலில் இருந்தது. 'எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். நான் ஸ்ரீராகம் என்று எழுதினேன்.'

கனகராஜ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஸ்டெல்லாவும் வந்து படித்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்தது சுந்தர். 'சரியான விடை இது ஒன்றுதான். ஒரு விடைக்கு ஒரு ஆள் என்ற விதியை மாற்றுவதாக இல்லை. இனிமேல் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள். அடுத்த புதிர் உங்களுடையது.'

ஆக, இன்டர்நெட்டில் நான் இப்போது அரை ஆள். வேறு எந்தக் கூட்டத்திலும் இதுவரை அந்த அளவுக்குக்கூட இருந்ததில்லை.